கருத்து இல்லை: ஒருவர்

ஜூலை 2, புதன்

தையல்நாயகி நியூசிலாந்து போய் மூன்று வாரம் ஆகிறது. வீடு அமைதியாக இருக்கிறது. பேப்பர் படிக்க வசதியாக இருக்கிறது.

நாரத்தங்காய் ஊறுகாயை வெயிலில் எடுத்து வைத்தேன். சைக்கிளைத் துடைக்கலாம் என்று என் பழைய காக்கிச் சட்டையைத் தேடினேன். காணோம். ரிட்டயர் ஆன பிறகு அந்த ஒன்றைத்தான் மிச்சம் வைத்திருந்தேன். தையல் அதைப் பழைய துணிக்காரனிடம் போட்டுப் பாத்திரம் வாங்கியிருப்பாள். சட்டைப் பையில் என் கண்டக்டர் விசிலும் இருந்தது. அவள் ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறிய அன்று இரண்டு விசில் கொடுத்து அனுப்பலாம் என்று தேடி, அன்றைக்கே கிடைக்கவில்லை. ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும். கடைசியில் வாயால் "போலாம் ரைட்" என்று சொல்லி அனுப்பினேன்.

காலை பத்து மணிக்கு வழக்கம்போல வீடியோ கால். அங்கே எங்கள் மகள் மங்கைக்கு இந்த மாதம் இருபதாம் தேதிவாக்கில் பிரசவம். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து வரும் பிள்ளை. அதைப் பற்றித் தையல் ஏதோ சொல்ல ஆரம்பித்தவள் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். படம் அசையவில்லை. இத்தனை வருடத்தில் அவள் பேச்சு நடுவில் நின்றது இதுதான் முதல் தடவை. எனக்கு அதில் சந்தோஷம் எதுவும் இல்லை.

ஜூலை 3, வியாழன்

காரணம் தெரிந்துவிட்டது. செழியன்.

செழியன் தையலின் அண்ணன் மகன். கீழப்பட்டினம் முழுக்க அவனுடைய கேபிள், அவனுடைய இன்டர்நெட். நேற்று எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். "இனி நம் ஊருக்குப் பஞ்சாமிர்தம் பேக்." நேரே கடைக்குப் போனேன்.

"என்னடா இது பஞ்சாமிர்தம்?"

"அஞ்சு ஆப்பு மாமா. அஞ்சும் பறக்கும். மத்ததெல்லாம் கொஞ்சம் மெதுவா வரும். வராம இருக்காது."

"எந்த அஞ்சுன்னு என்னைக் கேட்டியா?"

"மேல் கம்பெனி முடிவு பண்றது மாமா. உங்களக் கேட்டா நீங்க அஞ்சோட நிப்பீங்களா?"

நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இப்படிச் செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது, நானே படித்திருக்கிறேன். டிக்கெட் எடுத்தவன் சிதம்பரத்தில் யார் வீட்டுக்குப் போகிறான் என்று கண்டக்டர் கேட்டதுண்டா? கல்யாண வீட்டுக்குப் போகிறவனுக்கு ஒரு வேகம், ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்கு ஒரு வேகம் என்று வண்டி ஓட்டினோமா?

"பாயின்ட் டு பாயின்ட் ஓட்டினீங்களே மாமா. அதுக்குத் தனி டிக்கெட்டும் போட்டீங்களே."

இதற்குப் பதில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் வந்தது. போன் போட்டுச் சொன்னேன்: பாயின்ட் டு பாயின்ட் வண்டியில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். நீ செய்வது துண்டு போட்டு சீட் பிடிக்கிற வேலை. வண்டி ஸ்டாண்டுக்குள் வருமுன்னே ஐந்து கம்பெனி ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுவிட்டது. மற்றவன் எல்லாம் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டும்.

"சாப்பிட்டீங்களா மாமா?" என்றான். பிறகு, "ஊர்ல ஒருத்தர் வந்து ஒரு வார்த்தை கேக்கலை. பொதுமக்கள் கருத்து நம்ம பக்கம்தான்" என்றான்.

பொதுமக்கள் கருத்தை இவன் எப்போது எண்ணினான்?

ஜூலை 4, வெள்ளி

குரல் மட்டும் வந்தது.

"அந்த அஞ்சுல ஒரு ஆப்பப் போடுங்களேன்" என்றாள் தையல். "அதுல பளிச்சுன்னு தெரியுதாமே. செழியனே வந்து போட்டுத் தர்றேங்கிறான்."

"மாட்டேன்."

"ஏங்க?"

"நான் உன்னை எந்த வாசல் வழியாப் பாக்கணும்னு அவன் சொல்லக் கூடாது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு முன்வாசல்ல பந்தல் வேலை நடக்குது, கொல்லை வழியா வாங்கன்னு எங்கப்பா கூப்பிட்டதுக்கு, வரமாட்டேன்னு வெயில்லயே நின்ன ஆளுதானே நீங்க."

அது வேறு விஷயம்.

காக்கிச் சட்டையைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருந்து பார்த்துக்கொண்டு வா, இங்கே ஒரு குறையும் இல்லை என்று சொல்லி வைத்தேன்.

மாவு புளித்துவிட்டது. கீழே ஊற்றிவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

பொதுமக்கள் கருத்தை நானே கேட்பதென்று முடிவு செய்துவிட்டேன். பேப்பர் கட்டுரை ஒன்றில், எல்லா ஆப்புக்கும் ஒரே வேகம் தருவதற்குப் பெயர் வலை நடுநிலை என்று போட்டிருந்தது. நல்ல தமிழாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டேன். மூன்று அட்டையில் மார்க்கரால் எழுதினேன்.

"வலையில் நடுநிலை வேண்டுமா, வேண்டாமா? பொதுமக்கள் கருத்துக் கேட்பு. நாளை மாலை ஐந்து மணி, ரேஷன் கடை வாசல். அனைவரும் வருக. இப்படிக்கு, த. கலியபெருமாள், ஓய்வு பெற்ற நடத்துநர்."

ஒன்றை ரேஷன் கடையிலும், ஒன்றை டீக்கடையிலும், ஒன்றை மீன் ஏலக்கூடத்துத் தூணிலும் ஒட்டினேன்.

ஜூலை 7, திங்கள்

நான் எதிர்பார்க்காத கூட்டம். கடற்கரைத் தெருவே திரண்டு வந்தது. செழியன் இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், வந்தவர்கள் இரண்டு கும்பலாகத் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

மீனவர் பஞ்சாயத்தில் மூத்தவர் சிங்காரவேலு. அவர்தான் முதலில் முன்னால் வந்தார்.

"கண்டக்டரே, நீங்க பஸ்ஸுல போன ஆளு. ஒரு நாளு எங்களோட கடலுக்கு வந்திருப்பீங்களா? எங்க வலையில நடுநிலை பாக்க நீங்க யாரு?"

"சுருக்குமடிக்காரன் ஏத்திவிட்டு ஒட்டினதுதானே இது?" என்றது ஒரு குரல்.

"யாரு ஏத்திவிட்டது? நண்டு வலைக்காரன் எழுதிக் குடுத்ததைத்தான் அவரு ஒட்டியிருக்காரு" என்றது எதிர்ப்பக்கம்.

எனக்குத் தலை சுற்றியது. சுருக்குமடி என்பது கூட்டமாக வரும் மீனை வளைத்து மொத்தமாக அள்ளிவிடும் பெரிய வலை. நண்டு வலை மாதிரிச் சின்ன வலைக்காரர்கள் அது கூடாது என்கிறார்கள். பெரிய வலைக்காரர்கள் வாங்கிய கடனைக் காட்டுகிறார்கள். இந்த ஊரில் இந்த விஷயத்தால் அண்ணனும் தம்பியும் ஒரு பந்தியில் உட்காருவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் போய் ஏலக்கூடத்துத் தூணில் வலையில் நடுநிலை என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

"இது இன்டர்நெட்டு வலைங்க" என்றேன்.

"மீன் வலை இல்லையா?"

"இல்லை."

"அத மொதல்லயே எழுதறதுக்கென்ன" என்றார் சிங்காரவேலு. பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேரிடம் விளக்கிச் சொன்னேன். கொட்டாவி விட்டார்கள். எல்லாரும் கலைந்த பிறகு சிங்காரவேலு மட்டும் நின்றார். போனை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். கடலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் படம். வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நாலு நாளா இப்படிச் சுத்துது. இதுவும் உங்க சங்கதிதானா?"

"அந்த அஞ்சுல இது இல்லைங்க. அதான்."

"அப்ப எழுதிக்குங்க, வேணும்னு."

ஜூலை 10, வியாழன்

இனி கூட்டம் வேண்டாம் என்று மூன்று நாளாக வீடு வீடாகப் போகிறேன். கால் வீங்கிவிட்டது. அதைத் தையலிடம் சொல்லவில்லை.

பணம் கட்டுகிறவனுக்கு வேகம் கூடுதலாகக் கிடைப்பதில் என்ன தப்பு என்று மளிகைக் கடையில் கேட்டார்கள். கட்டுவது நீங்கள், கூடுதல் வேகம் கிடைப்பது அந்த ஐந்து கம்பெனிக்கு என்றேன். அதையும் ஒத்துக்கொண்டு, "ஆனா செழியன் நல்ல பையன்" என்றார்கள். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் என்னை உட்கார வைத்து முழுவதையும் இரண்டு முறை சொல்லச் சொன்னார். கடைசியில், "நீங்க சொல்றதும் சரி, அவன் சொல்றதும் சரி" என்றார். ஒரு வீட்டில் முதியோர் பென்ஷன் இதன் வழியாகத்தான் வருமா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் கதவைச் சாத்திவிட்டார்கள். சீரியல் தடங்கலில்லாமல் வந்தால் போதும் என்றவர்கள் நிறைய.

நெட்டைப் பற்றிக் கருத்தே இல்லாத வீட்டிலும் தையல் எப்போது வருவாள் என்பதைப் பற்றிக் கருத்து இருந்தது. குழந்தைக்கு ஆறு மாசமாவது ஆகாமல் வரமாட்டாள் என்றார்கள். அங்கேயே இருந்துவிடுவாள், பிள்ளை பாசம் விடாது என்றாள் ஒருத்தி. நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றேன்.

மேலத் தெருக் கடைசி வீடு தையல்காரப் பெண் பரிபூரணம். காது கேட்காது, பேச்சும் வராது. நான் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுப் பார்த்தேன். சிரித்தது. மிஷினை விட்டு எழுந்து வருவதற்குள், பாவம் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று "கருத்து இல்லை" என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஜூலை 12, சனி

முடிவை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினேன். வேண்டும் 61. வேண்டாம் 48. எதுவானாலும் சரி 37. கருத்து இல்லை: ஒருவர் (பரிபூரணம், மேலத் தெரு).

செழியன் பைக்கை நிறுத்திப் படித்தான்.

"அறுபத்தொண்ணுல நாப்பது பேரு மீன் வலைன்னு நெனச்சுச் சொன்னது மாமா."

நாற்பது இருக்காது.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் கதவைத் தட்டும் சத்தம் பலமாக இருந்தது. பரிபூரணம். வணக்கம் கூட வைக்காமல் போனை நீட்டியது. அதில் டைப் செய்திருந்தது:

"எனக்குக் கருத்து இல்லை என்று யார் சொன்னது?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே டைப் செய்து செய்து காட்டியது. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அவருக்கும் காது கேட்காது. இரண்டு பேரும் தினமும் வீடியோவில் கையால் பேசிக்கொள்வார்கள். பஞ்சாமிர்தம் வந்த நாளிலிருந்து அவர் கை பாதியில் நின்றுவிடுகிறது. "உங்களுக்குப் படம் நின்றால் குரல் இருக்கிறது. எனக்குப் படம் நின்றால் வார்த்தை பாதியில் அறுந்துவிடும். ஊருக்கு வருகிறேன் என்கிறாரா, வரவில்லை என்கிறாரா என்றே தெரியவில்லை."

நான் போனை வாங்கி டைப் செய்தேன்: "அந்த ஐந்தில் ஒரு ஆப்பைப் போட்டுக்கொள்ளலாமே?"

படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது. "நாங்கள் பேசும் இந்த ஆப்பை எங்கள் ஆட்களே எங்களுக்காகச் செய்தார்கள். இருபது ஊர்க்காரர்கள் வியாழக்கிழமை இதில்தான் கூடுகிறோம். நான் மட்டும் வேறு இடத்துக்குப் போய் யாரிடம் பேசுவது? நீங்கள் ஏன் போடவில்லை?"

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதை டைப் செய்ய நேரமாகும் என்று விட்டுவிட்டேன்.

மாலையில் இரண்டு பேருமாக ரேஷன் கடைக்குப் போனோம். வேண்டும் 62 என்று மாற்றினேன். கடைசி வரியை அடித்துவிட்டு, "எழுத்துப் பிழை திருத்தப்பட்டது" என்று கீழே எழுதினேன். பிழை எழுத்தில் இல்லை என்று டைப் செய்து காட்டியது. வாய்த்துடுக்கான பெண்.

ஜூலை 16, புதன்

பஞ்சாமிர்தத்தைப் பற்றிப் புகார் எழுதி டெல்லிக்கு அனுப்பிய மெயிலுக்குப் பதில் வந்தது. என் மெயில் வந்து சேர்ந்தது என்பதுதான் பதில்.

பரிபூரணம் தையலின் ரவிக்கைகளைக் கொண்டுவந்து கொடுத்தது. ஊருக்குப் போகுமுன் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனாளாம். சாப்பிட்டாயா என்று கையால் கேட்பது எப்படி, தண்ணீர் வேண்டும் என்பது எப்படி என்று காட்டியது. கூட்டம் நிறைந்த வண்டியில் பின்படியிலிருந்து டிரைவருக்குக் கையால் பேசிய ஆள் நான். எனக்குச் சுலபமாகவே வந்தது.

ரவிக்கைகளை அலமாரியில் அடுக்கி வைத்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கரப்பான் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஜூலை 18, வெள்ளி

காலையில் செழியன் வந்தான். உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"உங்க லைன மட்டும் தொறந்து விட்டுருக்கேன் மாமா. அத்தை போன் பண்ணி அழுதுட்டாங்க. புள்ள பொறக்குற நேரம். யார்ட்டயும் சொல்லிக்காதீங்க."

தையல் அழுதிருக்க மாட்டாள். இவன் கூட்டிச் சொல்கிறான்.

பத்து மணிக்கு போட்டேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. தையல் இளைத்திருக்கிறாள். மூக்குத்திக் கல் தெரிந்தது. பின்னால் ஜன்னல், அதில் மழை. அங்கே இப்போது நல்ல குளிராம். சேலைக்கு மேலே காக்கிச் சட்டை போட்டிருந்தாள். கழுத்துப் பொத்தான் வரைக்கும் மாட்டியிருந்தாள். பையிலிருந்து விசில் கயிறு தொங்கியது.

"ஸ்வெட்டர் வாங்கித் தரலையா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"வாங்கித் தந்தாரு. ரெண்டு இருக்கு" என்றாள்.

சட்டை கிடைத்துவிட்டது.

ஜூலை 19, சனி

செழியன் கடை திறக்கும்போதே போய்விட்டேன்.

"என் லைனை மூடு."

"என்ன மாமா?"

"பரிபூரணம் வீட்டைத் தொற. ஏலக்கூடத்தைத் தொற. எல்லாத்தையும் தொறந்துட்டுக் கடைசியா என் வீட்டைத் தொற."

"அது முடியாது மாமா. மேல் கம்பெனிக்காரன் கேப்பான். ஒருத்தருக்குன்னா வெளிய தெரியாது."

"அதனாலதான் மூடுங்கிறேன்."

அவன் பேனாவை மூடினான், திறந்தான். "புள்ள மொகத்தப் பாக்க வேணாமா மாமா? எட்டு வருஷம் கழிச்சு வருது. அத்தை என்னைய உரிச்சு உப்பு தடவிருவாங்க."

"மூடுடா."

மூடினான். மூடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் அவனைப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தக் கடைக்கு முதல் கனெக்‌ஷன் எடுத்துக் கொடுத்தது நான். பெயர்ப்பலகையைப் பிடித்து நிறுத்தியதும் நான்தான்.

மங்கை கைக்குழந்தையாக இருந்தபோது அதிகாரி வீட்டம்மாவுக்கு முன்சீட்டில் துண்டு போட்டு வைக்கச் சொன்னார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண் நின்றுகொண்டிருந்தாள். துண்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன். பட்டுக்கோட்டைக்கு மாற்றிவிட்டார்கள். மூன்று வருடம். தையல் குழந்தையோடு இங்கே தனியாகக் கிடந்தாள். ஏன் அந்தத் துண்டை எடுத்தீர்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

"மூடச் சொல்லிட்டீங்களாமே."

"ஆமாம்."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு நாள்தான் உங்க மூஞ்சியப் பாத்தேன். அன்னிக்கும் ஷேவ் பண்ணாம வந்து உக்காந்திருந்தீங்க."

"நாளைக்குப் பண்றேன்."

"பண்ணி யார்ட்ட காட்டப் போறீங்க?"

பரிபூரணம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "அந்தப் பொண்ணைப் போயி ஏங்க கருத்து இல்லைன்னு எழுதினீங்க? தெருவுல அதுக்கு இல்லாத கருத்தா?" என்றாள். பிறகு, "சரி, மூடினது மூடினதாவே இருக்கட்டும்" என்றாள்.

எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு என்று வழக்கம்போலச் சொல்ல வாயெடுத்தேன். இன்று சொல்லவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

பேத்தி. இரண்டு பேரும் நலம். அழுகையை போனில் கேட்டேன். தெளிவாகக் கேட்டது.

ஜூலை 23, புதன்

மாப்பிள்ளை அந்த வேகமான ஆப்பில் படம் போட்டிருக்கிறாராம். தெருவே பார்த்துவிட்டது. நெற்றி அப்படியே கலியபெருமாள் என்கிறார்கள். சிங்காரவேலு கூடப் பார்த்துவிட்டார். "காட்டட்டுமா கண்டக்டரே?" என்றார். வேண்டாம் என்றேன். "ஏன்யா இப்படி இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு போனை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

எனக்கும் தனியாக ஒரு படம் அனுப்பியிருக்கிறார்கள். காலையிலிருந்து இறங்குகிறது. இதுவரை ஒரு கம்பளித் தொப்பி வந்திருக்கிறது. நீல நிறம். நெற்றி இன்னும் வரவில்லை.

ஜூலை 26, சனி

நேற்று விடியற்காலை காற்றுப் படம் திறக்காமலே இரண்டு படகு போயிருக்கிறது. நடுக்கடலில் காற்று திரும்பிவிட்டது. ஆட்கள் எல்லாரும் கரை சேர்ந்துவிட்டார்கள். ஒரு படகின் வலை போய்விட்டது. ஒரு படகு சுருக்குமடிக்காரருடையது, இன்னொன்று நண்டு வலைக்காரருடையது.

மாலையில் ஏலக்கூடத்தில் பஞ்சாயத்து. என்னையும் கூப்பிட்டார்கள். பரிபூரணம் கூப்பிடாமலே வந்து முன்வரிசையில் நின்றது. செழியனை நடுவில் நிறுத்தினார்கள். அவன் சட்டை முதுகில் நனைந்திருந்தது.

"தம்பி, நீ நம்ம வூட்டுப் புள்ள" என்றார் சிங்காரவேலு. "உன்னைய ஒண்ணும் சொல்லலை. எல்லாருக்கும் ஒரே மாதிரி தொறந்து வுடு. இல்லன்னா திங்கக்கெழம காலையில கடற்கரைத் தெரு பூரா நெட்டுப் பொட்டியக் கழட்டிக் கொண்டாந்து உன் கடை வாசல்ல வெச்சுடுவோம். ரெண்டு தரப்பும் சேர்ந்துதான் சொல்றோம்."

வலை விஷயத்தில் இந்த ஊரில் இரண்டு தரப்பும் ஒரே கருத்துச் சொன்னது எனக்குத் தெரிந்து இன்றைக்குத்தான்.

"மேல் கம்பெனிக்கு நான் என்னன்னு சொல்றது?" என்றான் செழியன்.

"பொதுமக்கள் கருத்துன்னு சொல்லு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் கொஞ்சம் சிரித்தான். போகும்போது அவன் பைக்கில்தான் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டான். இறங்கும்போது, "கால் ஏன் மாமா இப்படி வீங்கியிருக்கு?" என்று கேட்டான்.

ஜூலை 29, செவ்வாய்

திறந்துவிட்டான். எல்லாருக்கும்.

ஒரே நெரிசல். இப்போது எந்த ஆப்பும் பறக்கவில்லை. சீரியல்காரர்கள் என்னை முறைக்கிறார்கள். "எல்லாரும் ஒண்ணா ஏறினா இப்படித்தான் மாமா, புளிமூட்டை மாதிரி" என்கிறான் செழியன். மேல் கம்பெனியிடம் பெரிய லைன் கேட்டிருக்கிறானாம். வருமோ வராதோ.

புளிமூட்டையாக ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டியில்தான் நான் வேலை பார்த்தேன். எல்லாரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஷேவ் செய்துகொண்டேன்.

பரிபூரணம் குழந்தைக்கு மஞ்சளில் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுவந்திருந்தது. வீடியோவில் காட்டிவிட்டுப் பிறகு பார்சல் அனுப்பலாம் என்று ஏற்பாடு. வியாழக்கிழமைக் கூட்டம் நன்றாக நடந்ததாம். வீட்டுக்காரர் ஆடி முடிந்ததும் வருகிறாராம். வருகிறேன் என்பதற்கான கையைக் காட்டியது.

பத்து மணிக்கு போட்டேன். படம் வந்தது. கட்டம் கட்டமாக, மங்கலாக வந்தது. தையல், மங்கை, நடுவில் நீலத் தொப்பி. நெற்றி தெரிந்தது. என்னுடையதுதான். சத்தம் வரவில்லை. தையல் ஏதோ சொல்கிறாள், உதடு அசைகிறது. நான் கத்தினேன். அவள் காதில் கை வைத்துத் தலையாட்டினாள்.

பரிபூரணம் என் தோளைத் தட்டியது. எதற்காகக் கத்துகிறீர்கள் என்பது போல என் கையைப் பிடித்துப் படத்துக்கு முன்னால் நீட்டிவிட்டது.

சட்டையைக் காட்டினேன். தையல் தன் நெஞ்சில் கை வைத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். புரிந்துகொண்டு தலையாட்டினாள். கை நீட்டியபடியே இருந்தது. அவளைக் காட்டினேன், பிறகு இந்த வீட்டுத் தரையைக் காட்டினேன், உள்ளங்கையைக் கவிழ்த்து நாலு விரலையும் என் பக்கம் மடக்கினேன். இத்தனை நாளில் நான் அதைக் கேட்டதில்லை. இன்றும் கேட்டேன் என்று சொல்ல முடியாது, சத்தமே வரவில்லை.

தையல் கொஞ்ச நேரம் அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தால், பின்னால் ஜன்னலில் மழை ஓடிக்கொண்டிருந்தது. குழந்தையை மங்கையிடம் கொடுத்தாள். காக்கிச் சட்டைப் பையில் கை விட்டுக் கயிற்றைப் பிடித்து விசிலை எடுத்தாள். வாயில் வைத்தாள். கன்னம் உப்பியது.

அந்த நேரம் பார்த்து என் கண்ணாடியில் ஏதோ படிந்திருந்தது. கழற்றித் துடைத்தேன். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தபோது படம் நின்றுபோயிருந்தது. வாயில் விசில், உப்பிய கன்னம், அப்படியே. நிற்பதற்கான ஒன்றை ஊதினாளா, அதற்கு மேலும் ஊதினாளா?

பரிபூரணத்தைத் திரும்பிப் பார்த்தேன். அது படத்தை விட்டுக் கண்ணை எடுத்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பி இரண்டு விரலைக் காட்டியது.